பீரோ எண்ணும் பூட் லோடரும்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் பிடித்துக்கொண்டார். "உங்க கம்ப்யூட்டர் ஒரு தடவை எழுந்திருக்காம படுத்துக்கிச்சே, அந்தக் கதையை எழுதுங்களேன்" என்றார். கதை சின்னது. ஆனால் அதற்குப் பின்னால் ஐம்பது அறுபது வருட சரித்திரம் இருப்பதை அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-ல் பாரிஸிலிருந்து வந்த என் அக்கா மகன் அவன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். விண்டோஸ் 7 ஏற்கெனவே இருந்தது. "மாமா, இதுல உபுண்டுவும் போட்டுத் தரேன், வைரஸ் தொல்லை இருக்காது" என்று லினக்ஸையும் ஒரு பக்கமாக ஏற்றினான். மெஷினைப் போட்டால் ஒரு பட்டியல் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் எப்போதும் உபுண்டுவைத்தான் தேர்ந்தெடுப்பேன். என் அப்பாவின் நாட்குறிப்புகளை அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அப்பா பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தர். 1947 முதல் 1962 வரை தினமும் இரண்டு மூன்று வரி பிரெஞ்சில் எழுதி வைத்தவர். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. 1954 நவம்பர் 1 அன்று, ஊரே கைமாறிய நாளில், அவர் எழுதியது ஒன்றரை வரி. அதில் அரை வரி என் அண்ணனின் காய்ச்சலைப் பற்றி. பதினொரு நோட்டுகளில் ஏழு நோட்டுகளை நான் அடித்து முடித்த பிறகு பரணில் இருந்த பெட்டியைக் கரையான் பிடித்துவிட்டது. மிஞ்சியது கடைசி நான்கு நோட்டும், கம்ப்யூட்டரில் நான் அடித்திருந்ததும்தான். வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2014 ஆகஸ்டில் ஒரு நாள் விண்டோஸுக்குள் போனேன். அங்கே "டி டிரைவ்" என்று ஒன்று காலியாகக் கிடந்தது. வீணாக எதற்கு என்று அதை அழித்தேன். வெறும் இடம்தானே. மறுபடி மெஷினைப் போட்டபோது கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்றது முதல் வரி. "கிரப் ரெஸ்க்யூ" என்றது இரண்டாவது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே நின்றது. உபுண்டுவும் இல்லை, விண்டோஸும் இல்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரைத் தொடங்குவதை ஆங்கிலத்தில் "பூட்" செய்வது என்கிறார்கள். பூட்ஸின் பின்புறம் இருக்கும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற கேலிப் பேச்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சில் இதற்கு "அமோர்ஸாஜ்" என்று பெயர். என்னைப்போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கைப்பம்பு வறண்டு போனால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதுதான் அமோர்ஸாஜ். தண்ணீர் எடுக்கவே தண்ணீர் வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் பம்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட்டில் தண்ணீர் மூடி வைத்திருப்பார்கள். யாராவது அதில் கை கழுவிவிட்டால் அம்மாவிடம் திட்டு நிச்சயம்.

(கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த "ஓர்தினாத்தர்" என்ற பெயரும் 1955-ல் ஐபிஎம் பிரான்ஸ் கம்பெனி கேட்டு, ஜாக் பெர்ரே என்ற லத்தீன் பேராசிரியர் யோசித்துச் சொன்னது. ஒரு மெஷினுக்குப் பெயர் வைக்க லத்தீன் வாத்தியாரைக் கேட்கிற நாடு அது!)

சிக்கல் இதுதான். மெஷினுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் டிஸ்க்கில் கோப்பாக எழுதி வைத்திருக்கிறது. எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றுவது, எத்தனை விநாடி காத்திருப்பது, எல்லாம் அந்த அமைப்புக் கோப்பில் இருக்கும். ஆனால் டிஸ்க்கில் ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் தேடி எடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இடையில் நின்று இந்த முடிச்சை அவிழ்க்கிற சிறிய நிரலுக்குப் பெயர் பூட் லோடர். அது தன்னுடைய கோப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துப் பார்த்திருக்கிறது.

ஆரம்பத்தில் மனிதனே அமோர்ஸாஜ் செய்தான். 1965-ல் வந்த பிடிபி-8, 1975-ல் வந்த ஆல்டேர் 8800 போன்ற மெஷின்களின் முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கும். அவற்றை மேலும் கீழும் தட்டித் தட்டி ஒரு சின்ன நிரலை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அது காகித நாடாவிலிருந்து அடுத்த நிரலைப் படிக்கும். முதல் விலாசம் ஆபரேட்டரின் மண்டையில் இருந்தது, அல்லது மெஷின் பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. அதில் பயாஸ் என்ற நிரந்தர நிரல் சில்லிலேயே பதிந்திருந்தது. பயாஸுக்குக் கோப்பு, பெயர், அடைவு எதுவும் தெரியாது. டிஸ்க்கின் முதல் கட்டத்தை, அதாவது முதல் 512 பைட்டை, நினைவகத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும். 512 பைட் எவ்வளவு என்றால், இப்போது நாம் கம்ப்யூட்டரில் எழுதும் தமிழில் சுமார் 170 குறிகள்தான் அதில் அடங்கும். ஒரு போஸ்ட் கார்டு கூட நிறையாது.

1983-ல் ஹார்டு டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி வந்தபோது அந்த போஸ்ட் கார்டிலும் பங்கு பிரித்தார்கள். டிஸ்க்கைப் பாகம் பிரித்த விவரத்துக்கு 64 பைட். "இது செல்லுபடியாகும்" என்ற முத்திரைக்குக் கடைசி 2 பைட். மிச்சம் 446. அந்த 446 பைட்டுக்குள்தான் மேற்கொண்டு எங்கே போவது என்ற புத்தி முழுவதும் இருக்க வேண்டும். இந்த இட நெருக்கடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த கூத்துகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

டாஸ் இதை எப்படிச் சமாளித்தது? தேடும் வேலையையே வைத்துக்கொள்ளவில்லை. ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற இரண்டு கோப்புகளும் அடைவில் முதல் இரண்டு வரிகளில்தான் இருக்க வேண்டும் என்று பழைய டாஸ் பதிப்புகளில் விதி. விழா மேடையில் முதல் இரண்டு நாற்காலி கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் என்பது மாதிரி. முதல் வரியில் அந்தப் பெயர் இல்லையென்றால் "இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து" என்று ஆங்கிலத்தில் வரும். எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த புதிதில் இந்தச் செய்தியைப் பார்த்து நாங்கள் பயந்த நாட்கள் உண்டு. முந்தின நாள் யாரோ ஃபிளாப்பியை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் போதும். அது தெரியாமல் கம்பெனி ஆளுக்கு இரண்டு முறை போன் போட்டோம்.

அந்த இரண்டு கோப்புகளும் ஏறிய பிறகு டாஸுக்குப் பெயர் சொல்லித் தேடத் தெரிந்துவிடும். உடனே டிஸ்க்கின் மேல்மட்ட அடைவில் கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பைத் தேடும். 1983-ல் டாஸ் 2.0-வுடன் வந்தது அது. எடிட்டரில் திறந்து ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், அடுத்த முறை மெஷினைப் போடும்போது மாற்றம் வந்துவிடும். எளிமையான ஏற்பாடு. ஒரே மெஷினில் ஒரே சிஸ்டம் இருந்த காலம்.

1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்ட பிறகு ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம் வந்தது. யாரை முதலில் எழுப்புவது என்று கேட்க ஒருவர் வேண்டுமே. 1992-ல் வெர்னர் ஆல்ம்ஸ்பெர்கர் லிலோ என்ற பூட் லோடரை எழுதினார். பல வருடம் லினக்ஸ் உலகமே அதை நம்பித்தான் இருந்தது.

லிலோவுக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. ஆனால் மெஷின் எழும்போது லிலோ அந்தக் கோப்பைப் படிக்காது. படிக்கவும் தெரியாது. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிலோ கட்டளையை நாம் ஒரு முறை ஓட்ட வேண்டும். அது கோப்பைப் படித்து, லினக்ஸ் கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்த எண்களை மட்டும் ஒரு வரைபடமாக எழுதி வைக்கும். மறுநாள் காலை எழும்போது பெயரைப் பற்றிய பேச்சே கிடையாது. இத்தனையாவது கட்டத்தை எடு, அடுத்து இத்தனையாவது கட்டத்தை எடு, அவ்வளவுதான்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். புதுக் கெர்னலைப் பழையதன் இடத்தில் அதே பெயரில் போடுகிறோம். பெயர் அதேதான். ஆனால் டிஸ்க்கில் அது உட்கார்ந்திருக்கும் கட்டங்கள் வேறு. லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்துவிட்டால், அடுத்த முறை மெஷின் பழைய கட்டங்களுக்குப் போய் அங்கே இருக்கிற குப்பையை அள்ளிக்கொண்டு வரும். அப்போது திரையில் லிலோ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் முழுதாக வராது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஓர் எழுத்தை அச்சிடும்படி செய்திருந்தார் ஆல்ம்ஸ்பெர்கர். "எல்" மட்டும் வந்து நின்றால் முதல் பாகம் ஏறிவிட்டது, இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை. "எல் ஐ" என்று நின்றால் இரண்டாம் பாகம் வந்தது, ஆனால் ஓடவில்லை. மூன்று எழுத்தோடு நின்றால் வரைபடத்தில் கோளாறு. 512 பைட்டுக்குள் இதைவிட நீளமாகப் புகார் சொல்ல இடமில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

லிலோவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

எண்பதுகளில் நான் ஓர் அலுவலகத்தில் ரெக்கார்டு பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். பழைய ஊழியர்களின் சர்வீஸ் புக்குகள் இரும்பு பீரோக்களில் இருக்கும். (பிரெஞ்சில் "பியூரோ" என்றால் மேசை, அல்லது அலுவலகம். நாம் அலமாரிக்கு வைத்துக்கொண்டோம்.) எந்தப் புத்தகம் எந்த பீரோ, எத்தனையாவது தட்டு என்று ஒரு பதிவேடு. ஒரு கோடையில் வெள்ளையடிப்பதற்காக பீரோக்களை எல்லாம் வெளியே எடுத்தார்கள். திரும்ப வைக்கும்போது துருப்பிடித்த இரண்டைக் கழித்துவிட்டு, மற்றவற்றுக்கு வரிசையாகப் புது எண் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பதிவேட்டை யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவன் நான். பட்ஜெட் வேலை முடியட்டும் என்று தள்ளி வைத்தேன்.

ஒரு டிரைவரின் மனைவி. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு சர்வீஸ் புக் வேண்டும். பதிவேட்டில் பதினோராவது பீரோ, மூன்றாம் தட்டு என்று இருந்தது. பியூனை அனுப்பினேன். இல்லை என்றான். "தேடியும் கிடைக்கவில்லை" என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி மேலே போய், அங்கிருந்து கேள்வியாகக் கீழே வந்து, மறுபடி மேலே போய், பதினான்கு மாதம் ஆயிற்று. அந்த அம்மா மாதம் ஒரு முறை வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வேறு எதற்கோ ஒன்பதாவது பீரோவைத் திறந்தபோது மூன்றாம் தட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. அதுதான் பழைய பதினொன்று. புத்தகம் இருந்த தட்டு கூட மாறவில்லை.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அது இங்கயேதான் இருந்துச்சா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். காரணம் நான் என்று சொல்லவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

1995-ல் எரிக் போலின் என்பவர் கிரப் என்ற பூட் லோடரை எழுதினார். 1999-ல் கோர்டன் மாட்ஸிக்கைட், யோஷினோரி ஒகுஜி என்ற இருவர் அதைப் பொறுப்பெடுத்து குனு திட்டத்தின் அதிகாரபூர்வ நிரலாக்கினார்கள். லிலோவோடு ஒப்பிட்டால் இதன் சாமர்த்தியம் ஒன்றுதான். கிரப்புக்கு டிஸ்க்கில் கோப்பு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். அடைவுக்குள் அடைவாக நுழைந்து பெயரைக் கொண்டு தேடும். ஆகவே அமைப்புக் கோப்பை மாற்றிச் சேமித்தால் போதும், எதையும் மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. பியூனுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி.

ஆனால் 446 பைட்டில் அத்தனை படிப்பு அடங்குமா? அடங்காது. அதனால் மூன்று படியாகப் பிரித்தார்கள். முதல் படி அந்த 446 பைட். அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே பழைய டிஸ்க்குகளில் வழக்கமாக 62 கட்டங்கள் வெறுமனே கிடக்கும், சுமார் 31,000 பைட். யாருக்கும் பாத்தியதை இல்லாத புறம்போக்கு. அங்கே "ஒன்றரை" என்று பெயரிட்ட படியைக் குடிவைத்தார்கள். கோப்பு படிக்கும் வித்தை அதில் இருக்கிறது. அது போய் இரண்டாம் படியையும், மெனு.எல்எஸ்டி என்ற அமைப்புக் கோப்பையும் பெயர் சொல்லி எடுக்கும்.

இருந்தாலும் ஓர் எண் தப்பாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. எந்த டிஸ்க்கில், எத்தனையாவது பார்ட்டிஷனில் தேடத் தொடங்குவது? அது மட்டும் எண்ணாகத்தான் எழுதி வைத்திருந்தது. அதிலும் பழைய கிரப் பார்ட்டிஷனைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது, கிரப் 2 ஒன்றிலிருந்து எண்ணியது. டிஸ்க்கை மட்டும் இரண்டும் பூஜ்யத்திலிருந்தே எண்ணின. தரைத்தளத்தைப் பூஜ்யம் என்று சொல்லும் வீட்டில் அறைகளை ஒன்றிலிருந்து எண்ணுவது போல. இதில் குழம்பாதவர் இருந்திருக்க மாட்டார்.

மைக்ரோசாப்ட் பக்கமும் கதை வேறில்லை. விண்டோஸ் என்டி, எக்ஸ்பி காலத்தில் பூட்.ஐஎன்ஐ என்ற கோப்பு இருந்தது. அதில் விண்டோஸ் எந்த டிஸ்க்கில் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று எண்களால் எழுதியிருக்கும். பார்ட்டிஷன் எண் மாறினால், ஹால்.டிஎல்எல் என்ற கோப்பு காணவில்லை அல்லது கெட்டுவிட்டது என்று திரையில் வரும். அந்தக் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தன் இடத்தில் பத்திரமாக இருக்கும். தேடப் போனவன் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிடுகிறான். எத்தனை பேர் இதை நம்பி விண்டோஸை முழுதாக மறுபடி ஏற்றினார்களோ! நான் எழுதிய "கிடைக்கவில்லை"யும் இதே ரகம்தான்.

எண்ணை விட்டுத்தள்ள வழி பிறகு பரவலாயிற்று. ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தயார் செய்யும்போது யுயுஐடி என்று ஓர் அடையாளக் குறியை அதற்குள்ளேயே பதித்துவிடுவது. 32 இலக்கம், வேறெதற்கும் அதே குறி வராத அளவுக்கு நீளம். பீரோவின் மேல் பெயின்ட் அடித்த எண் இல்லை இது, சர்வீஸ் புக்கின் உள் அட்டையில் எழுதிய எண். பீரோவை எங்கே நகர்த்தினாலும் புத்தகத்தோடு கூடவே போகும். கிரப் 2 இதைக் கொண்டு தேடக் கற்றுக்கொண்டது. 2009 அக்டோபரில் உபுண்டு 9.10 கிரப் 2-க்கு மாறியது. அமைப்புக் கோப்பின் பெயரும் கிரப்.சிஎஃப்ஜி என்று ஆயிற்று.

தேடும் விதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிஎக்ஸ்இலினக்ஸ். பீட்டர் ஆன்வின் எழுதியது. டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக, சர்வரிலிருந்து தன் அமைப்புக் கோப்பைக் கேட்டு வாங்குவது. ஒரே கல்லூரியில் நூறு மெஷின் இருந்தால் எந்த மெஷினுக்கு எந்தக் கோப்பு? முதலில் அந்த மெஷினின் சொந்த அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் அதன் நெட்வொர்க் கார்டின் எண்ணால் கேட்கும். அதுவும் இல்லையென்றால் அதற்குத் தரப்பட்ட ஐபி முகவரியை எட்டு இலக்கமாக எழுதிக் கேட்கும். பிறகு கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு ஏழு இலக்கத்தால், பிறகு ஆறு, ஐந்து என்று ஒரு இலக்கம் வரை. எதுவுமே கிடைக்காவிட்டால் "டிஃபால்ட்" என்ற பொதுக் கோப்பு. முதலில் ஆள் பெயர் சொல்லி விசாரித்து, பிறகு வீட்டு எண், பிறகு தெரு, பிறகு பேட்டை, கடைசியில் "யாராவது இருந்தால் சொல்லுங்கள்". நல்ல தபால்காரர் செய்வது இதைத்தான்.

இப்போது கடையில் வாங்கும் மெஷின்களில் பயாஸ் இல்லை, யுஇஎஃப்ஐ இருக்கிறது. இன்டெல் தொடங்கி வைத்து, 2005-ல் பல கம்பெனிகள் சேர்ந்த மன்றத்திடம் ஒப்படைத்தது. இதற்கே கோப்பு படிக்கத் தெரியும். டிஸ்க்கில் இதற்கென்று ஒரு சிறிய பார்ட்டிஷன். எதை எழுப்புவது என்ற பட்டியல் மெஷினின் சொந்த நினைவில். அந்தப் பட்டியல் அழிந்துபோனாலும் பூட் என்ற அடைவில் ஒரு குறிப்பிட்ட பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். உபுண்டுவில் அந்தச் சிறிய பார்ட்டிஷனில் மூன்றே வரி கொண்ட ஒரு கிரப்.சிஎஃப்ஜி இருக்கும். இந்த யுயுஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதில் இன்ன அடைவுக்குப் போ, அங்கே இருக்கும் உண்மையான கோப்பைப் படி. "இணைப்பு: கோப்பு எண் இன்னது காண்க" என்று நாங்கள் எழுதும் துண்டுச் சீட்டு!

என் மெஷின் இதற்கு முந்தின தலைமுறை. பயாஸ்தான்.

மறுநாள் காலை எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். திரையைப் பார்த்ததும், "தாத்தா, நீங்க எதையாவது அழிச்சீங்களா?" என்றான். டி டிரைவ் என்றேன். சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னது இது. டி டிரைவ் ஐந்தாவது பார்ட்டிஷன். உபுண்டு ஆறாவது. இந்த வகைப் பார்ட்டிஷன்கள் ஐந்திலிருந்து வரிசையாக எண்ணப்படுபவை. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பவை ஒவ்வொரு எண் முன்னால் நகர்ந்துவிடும். உபுண்டு ஐந்தாவது ஆகிவிட்டது. கிரப்பின் முன்பகுதியோ உன் கோப்பு ஆறாவதில் இருக்கிறது என்ற குறிப்போடு உட்கார்ந்திருக்கிறது. கிரப் 2-க்கு யுயுஐடி தெரியும்தான். ஆனால் எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருந்தால் முன்பகுதியில் எண் போதும் என்று எண்ணை மட்டும் எழுதிவிடுகிறது. யுயுஐடி எல்லாம் அமைப்புக் கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்கு மட்டும் எண்.

"அப்ப என் ஃபைல்லாம்?"

"எங்கயும் போகல தாத்தா. இருந்த இடத்துலயேதான் இருக்கு."

எனக்கு அந்த வராந்தா பெஞ்ச் கண்ணில் வந்து நின்றது.

அடுத்த தடங்கல் கீபோர்டு. பிரான்ஸில் வாங்கிய மெஷின், அதனால் பிரெஞ்சு எழுத்து வரிசை. நான் பழகியது அதுதான். பையனுக்குப் புதிது. கிரப்போ எல்லாக் கீபோர்டும் அமெரிக்கக் கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும். "ஏ" அடித்தால் திரையில் "க்யூ" விழுகிறது. "எம்" அடித்தால் அரைப்புள்ளி. அடைப்புக்குறி உள்ள விசையைத் தட்டினால் ஐந்து. பையன் கட்டளையைச் சொல்லச் சொல்ல, நான் இரண்டு கீபோர்டையும் ஒரு காகிதத்தில் வரைந்து எது எங்கே என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். சாய்கோடு வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி உள்ள விசை. "எம்" வேண்டுமென்றால் காற்புள்ளி. அடைப்புக்குறிக்கு ஷிப்டும் ஒன்பதும். பள்ளியில் தேர்வு எழுதும்போது கூட இப்படி வியர்த்ததில்லை.

முதலில் "எல் எஸ்" என்ற கட்டளை. நல்லவேளை, அந்த இரண்டு எழுத்தும் இரண்டு கீபோர்டிலும் ஒரே இடம். பார்ட்டிஷன்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்தோம். விண்டோஸ் இருந்தவற்றைத் திறந்தால் "தெரியாத கோப்பு முறை" என்றது. அந்த அவசர நிலையில் கிரப்புக்கு லினக்ஸ் அடைவு மட்டும்தான் படிக்க வரும். ஐந்தாவதைத் திறந்தோம். பூட், ஹோம் என்று அடைவுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஹோம் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் மூன்றே வரி. "பிரிஃபிக்ஸ்" என்ற குறிப்பில் ஆறை ஐந்தாக மாற்றுவது ஒன்று. "நார்மல்" என்ற பாகத்தை ஏற்றுவது இரண்டு. "நார்மல்" என்று அடிப்பது மூன்று. பழைய பட்டியல் திரையில் வந்தது. அதில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தோம். அமைப்புக் கோப்புக்குள்ளும் பழைய ஆறு என்ற எண் இருந்ததாம். ஆனால் அடுத்த வரியிலேயே யுயுஐடி கொண்டு தேடச் சொல்லியிருந்ததால் தானாகவே சரியான இடத்துக்குப் போய்விட்டது. சிஸ்டம் எழுந்ததும் பையன் கிரப்பை மறுபடி டிஸ்க்கில் பதியவைக்கும் கட்டளையைக் கொடுத்தான். இல்லையென்றால் ஒவ்வொரு காலையும் இதே கூத்து.

நாட்குறிப்புக் கோப்பைத் திறந்தேன். நான் கடைசியாக அடித்திருந்தது 1957 ஜூன். அப்பா புதுக் குடை வாங்கிய செய்தி. விலையும் எழுதியிருந்தார்.

என் மனைவி பையனுக்கு காபியும் அதிரசமும் கொடுத்தாள். அவன் போவதற்கு முன் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்தான். இன்னொரு நகல் பாரிஸில் அக்கா மகனிடம் இருக்கிறது, மூன்றாவது சென்னையில் மகளிடம். மிச்ச நான்கு நோட்டையும் அடுத்த பொங்கலுக்குள் அடித்து முடித்தேன். கீபோர்டு வரைந்த காகிதமும் அந்த மூன்று கட்டளைகளும் இன்னும் லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கின்றன. யாருக்காவது இதே கோளாறு வந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், நகல் எடுத்துத் தருகிறேன்.